பாளையங்கோட்டைச் சிப்பாயின் கனவை யார் கேட்டார்கள்?

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே பார்த்தால், காயலுக்கு நடுவே தட்டையாகக் கிடக்கிறது வில்லிங்டன் தீவு. ஆதியிலிருந்தே அங்கே இருந்த நிலம் போலத் தோன்றும். உண்மையில் அதன் பெரும்பகுதி மனிதர்கள் கொட்டிய மண். 1920இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கடல்வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி, காயலின் அடியைத் தோண்டி, எடுத்த சேற்றையும் மணலையும் வெண்டுருத்தி என்ற சிறு தீவை ஒட்டிக் குவித்தார். சென்னை மாகாண ஆளுநராக இருந்து பின்னாளில் வைஸ்ராயான வில்லிங்டன் பிரபுவின் பெயரைத் தீவுக்கு வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் துறைமுகம் கடற்படையின் கைக்குப் போயிற்று. 1945 மே மாதம்தான் சிவில் நிர்வாகத்துக்குத் திரும்பியது. போர் முடிந்த பிறகும் கடற்படை இங்கேயே தங்கிவிட்டது. தென்னகக் கடற்படைத் தலைமையகம் இன்றும் இங்கேதான்.

இந்தக் கடற்படைத் தளத்தின் மருத்துவமனைக்குச் சஞ்சீவனி என்று பெயர். போர்க்களத்தில் மூர்ச்சித்து விழுந்த இலக்குவனை எழுப்பிய மூலிகை. படை மருத்துவமனைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இலக்குவன் மேல் பட்ட அம்பு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி, பேச்சு நின்று, கைநடுங்கி, நள்ளிரவில் அலறி எழுகிறவனுக்கு எந்த மலையைப் பெயர்த்துக்கொண்டு வருவது? இந்தக் கேள்விக்கு மருத்துவம் முறையாக விடை தேடத் தொடங்கி நூற்றுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. அப்படித் தேடியவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய ஒருவர், கொச்சியிலிருந்து ஒரு பகல் பயணத்தில் எட்டிவிடக்கூடிய நீலகிரியில் வேலை பழகியவர்.

அவர் பெயர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மருத்துவர், உளவியலாளர், மானிடவியலாளர். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கினார். அவர்களுடைய பார்வை, நிறம் பிரித்தறியும் திறன், தொடுவுணர்வு, வலியுணர்வு ஆகியவற்றைச் சோதித்தார். பிறகு அவர்களுடைய பால்மனைச் சடங்குகளிலும் உறவுமுறையிலும் மனம் தோய்ந்துபோனார். ஒவ்வொரு குடும்பத்தையும் உட்காரவைத்து, யாருக்கு யார் பிள்ளை, யார் யாரை மணந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு எழுதினார். அந்த முறை பின்னாளில் மானிடவியலுக்கே அடிப்படைக் கருவியாயிற்று. 1906இல் தோடர்களைப் பற்றிய அவருடைய பெரும் நூல் வெளிவந்தது. அந்நிய மொழி பேசுகிறவர் எதிரே மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அவருக்கு இங்கே கைவந்தது என்றே நான் நினைக்கிறேன். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்ஹார்ட் என்ற படை மருத்துவமனையில், நடுங்கும் கைகளோடு எதிரே உட்கார்ந்த இளம் அதிகாரிகளிடம் அவர் செய்ததும் அதேதான். கேட்டார்.

முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளிலிருந்து வந்த சிப்பாய்கள் மருத்துவர்களைத் திகைக்கவைத்தார்கள். சிலருக்குப் பேச்சு வரவில்லை. சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் பார்வை இல்லை. நடை கோணிப்போயிற்று. அருகே வெடித்த குண்டின் அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டது என்று முதலில் நம்பினார்கள். குண்டதிர்ச்சி என்ற பொருளில் ‘ஷெல் ஷாக்’ என்று பெயர் வந்தது. அதை 1915இல் லான்செட் இதழில் எழுதி மருத்துவ உலகுக்குக் கொண்டுசென்றவர் சார்லஸ் மையர்ஸ், ரிவர்ஸின் மாணவர். குண்டு வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அதே அறிகுறிகள் வந்தபோது அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. காயம் மண்டை ஓட்டுக்குள் பட்டதல்ல, மனத்தில் பட்டது என்று மையர்ஸே உணர்ந்து, தான் பரப்பிய சொல்லையே பின்னர் வேண்டாம் என்றார். சொல் நிலைத்துவிட்டது.

சிகிச்சை என்ற பெயரில் நடந்தவற்றில் சில படிக்கவே கடினமானவை. லண்டனில் லூயிஸ் யீலண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த சிப்பாயை இருட்டறையில் வைத்துக் கதவைப் பூட்டி, பேச்சு திரும்பும்வரை தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். சிப்பாய் பேசினான். யீலண்ட் அதை வெற்றியாக 1918இல் நூலிலும் எழுதினார். அந்தச் சிப்பாய் பிறகு எப்படித் தூங்கினான் என்பதை அந்த நூல் விசாரிக்கவில்லை.

ரிவர்ஸ் வழி வேறு. 1917 டிசம்பரில் லண்டனில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். போர் அனுபவத்தை மனத்துக்குள் அமுக்கிவைப்பது பற்றிய அந்த உரை அடுத்த ஆண்டு லான்செட்டில் வெளிவந்தது. அதில் அவர் சொல்லும் ஒரு நோயாளியை என்னால் மறக்க முடியவில்லை. நண்பனைத் தேடிப்போன அதிகாரி அவர். குண்டில் சிதறிய உடலைத்தான் கண்டார். அன்று முதல் இரவுதோறும் அந்தச் சிதைந்த உடல் கனவில் வந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: அதை மறந்துவிடு, வேறு எதையாவது நினை. பகலெல்லாம் முழு மூச்சாக மறக்க முயன்றார். இரவில் அது இரட்டிப்பாக வந்தது. ரிவர்ஸ் அவரை அந்தக் காட்சியை நேராகப் பார்க்கச் சொன்னார். பார்க்கும்போதே இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார்: உடல் அப்படிச் சிதறியிருந்தது என்றால், நண்பர் ஒரு கணமும் துன்பப்படாமல் இறந்தார் என்றுதானே பொருள்? அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு ஒருநாள் கனவில் நண்பரின் அருகே மண்டியிட்டு, அவருடைய இடுப்புவாரைக் கழற்றினார். விழித்தபோது நெஞ்சில் துயரம் இருந்தது, அச்சம் இல்லை. சில இரவுகள் கழித்து வந்த இன்னொரு கனவில் நண்பரோடு பேசினார்.

இதே உரையில் தன் முறை தோற்ற இடத்தையும் ரிவர்ஸ் மறைக்காமல் சொல்கிறார். வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, பல நாள் அழுகிக் கிடந்த பிணத்தின் வயிற்றில் முகம் புதைய விழுந்த இன்னொரு அதிகாரி அவர். ஆறுதலாக எடுத்துக்காட்ட அந்த அனுபவத்தில் ஒரு துளியும் இல்லை. அவரைப் படையிலிருந்து விடுவித்து, கிராமத்து அமைதிக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி ரிவர்ஸுக்குத் தெரியவில்லை. இந்த நேர்மைக்காகவே நான் அவரை நம்புகிறேன். அமுக்கிவைப்பது கேடு என்றவர், ஓயாமல் அதையே நினைத்து உழல்வதும் கேடு என்றார். எல்லாரையும் கட்டாயமாகப் பேசவைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. விபத்து நடந்த உடனேயே எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் செய்யும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகெங்கும் பரவியது. முறையாகச் சோதித்தபோது அது நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்தது என்று தெரிந்தது.

ரிவர்ஸிடம் வந்தவர்களிலேயே புகழ்பெற்றவர் கவிஞர் சீக்ஃப்ரீட் சஸூன். 1917 ஜூலையில், போரை நீட்டிப்பதை எதிர்த்து வெளிப்படையாக அறிக்கை விட்டார். படைநீதிமன்றத்தில் நிறுத்துவதைவிட மனநோயாளி என்று மருத்துவமனைக்கு அனுப்புவது அரசுக்கு வசதியாக இருந்தது. ரிவர்ஸ் அவரோடு பேசிப் பேசி, அவர் மீண்டும் போர்முனைக்குப் போகும்படி ஆயிற்று. அதே மருத்துவமனையில் ஆர்தர் பிராக் என்ற மருத்துவரிடம் இருந்த இன்னொரு கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனும் குணமாகித் திரும்பினார். போர் நிற்க ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4ஆம் தேதி கொல்லப்பட்டார். படை மனநல மருத்துவரின் தொழிலில் உள்ள முள் இதுதான். சாதாரண மருத்துவர் நோயாளிக்காக மட்டும் வேலை செய்கிறார். இவருக்குச் சம்பளம் தருவது படை. குணமாக்கியவனை எங்கே அனுப்புகிறோம் என்பது இவருக்குத் தெரியும். ரிவர்ஸுக்கும் தெரிந்திருந்தது, அது அவரை உறுத்தியது.

கிரெய்க்லாக்ஹார்ட் அதிகாரிகளுக்கு மட்டுமான மருத்துவமனை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கனவைச் சொல்லும் வாய்ப்பு அதிகாரிக்குக் கிடைத்தது. மின்சாரம் பெரும்பாலும் சாதாரணச் சிப்பாய்க்கு. கடமை தவறினான், கோழை என்று பிரிட்டிஷ் படை தன் சிப்பாய்கள் 306 பேரைச் சுட்டுக்கொன்றது. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. 2006இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது.

அப்படியானால் இந்தியச் சிப்பாய்? முதல் உலகப் போரில் நம் நாட்டிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். சுமார் 74,000 பேர் இறந்தார்கள். 1914 இலையுதிர்காலத்தில் பிரான்சு போர்முனைக்குப் போன சிப்பாய்கள் பலர் கையில் குண்டுக் காயத்தோடு திரும்பியபோது, தாங்களாகவே சுட்டுக்கொண்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. பிரைட்டன் நகரில் பழைய ஏழைகள் விடுதியை மாற்றியமைத்த கிச்னர் இந்திய மருத்துவமனையின் தலைவர் கர்னல் புரூஸ் சீட்டன், 1915இல் ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். அவரை மதிக்கிறேன். ஆனால் பாருங்கள், ஆயிரம் கைகளை ஆராய ஆள் இருந்தது. ஆயிரம் பேரின் தூக்கத்தை விசாரிக்க ஆள் இல்லை.

அவர்கள் மனத்தை மோப்பம் பிடித்தவர் மருத்துவர்கூட அல்ல, அஞ்சல் தணிக்கை அதிகாரி. சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பிரித்துப் படித்த அலுவலகத்தின் தலைவர் கேப்டன் ஹவல், கடிதங்களில் திடீரென்று கவிதை அதிகமாவதைக் கவனித்தார். மனக்கலக்கத்தின் கெட்ட அறிகுறியாக இதைக் கருதுகிறேன் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். ஒப்பாரி பாடித் துக்கத்தை இறக்கிவைக்கும் நாட்டிலிருந்து வந்தவன், வேறு எப்படித் தன் நெஞ்சைத் திறப்பான்? அறிகுறியைச் சரியாகவே பிடித்தார். அதற்கு மேல் சிகிச்சை எதுவும் நடக்கவில்லை.

இன்னும் நெருங்கிய கதை ஒன்று நமக்கு இருக்கிறது. 63ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படை என்ற பழைய மதராஸ் படைப்பிரிவு. 1914 அக்டோபர் நடுவில் பம்பாயிலிருந்து கப்பலேறிய படையில் இதுவும் ஒன்று. போகும் இடம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரிடம் இருந்த டாங்கா துறைமுகம். பல்லாண்டுகளாகப் பெரிய போர் காணாத சிப்பாய்கள். புதுத் துப்பாக்கிகள் புறப்படும் நேரத்தில்தான் கைக்கு வந்தன. நெரிசலான கப்பலில் வாரக்கணக்கில் வாந்தியும் மயக்கமும். உடம்பு தேற ஒருநாள்கூட ஓய்வு தராமல் கரையிறக்கினார்கள். நவம்பர் 4ஆம் தேதி, கண்ணுக்கு எதிரி தெரியாத ரப்பர் தோட்டத்துக்கும் புதருக்கும் நடுவே முன்னேறச் சொன்னார்கள். எந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. கலைந்த தேனீக்கூட்டம் இருதரப்பையும் கொட்டியது. பாளையங்கோட்டைப் பிரிவு சிதறிக் கடற்கரைக்கு ஓடியது. எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய பிரிட்டிஷ் இந்தியப் படை, ஜெர்மன் தளபதி லெட்டோ ஃபோர்பெக்கின் சுமார் ஆயிரம் பேரிடம் தோற்றது. அதே களத்தில் காஷ்மீர்ப் படைவீரர்களைப் போல உறுதியாக நின்ற இந்தியர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதிகாரிகளின் பேச்சிலும் எழுத்திலும் தென்னாட்டுச் சிப்பாய்க்குக் கிடைத்த பட்டம், கோழை. போர்க்குணம் உள்ள இனம், இல்லாத இனம் என்று மக்களைப் பிரித்துவைத்த காலம் அது. விடை முன்பே எழுதப்பட்டிருந்தது, டாங்கா அதற்குச் சாட்சியாயிற்று. 1920களின் தொடக்கத்தில் அந்தப் படைப்பிரிவே கலைக்கப்பட்டது.

களத்தில் கூட்டமாக ஓடுவதும், மாதங்கள் கழித்துக் கனவில் அலறுவதும் மருத்துவப்படி ஒரே நோய் அல்ல. ஆனால் சோர்வு, தூக்கமின்மை, தலைமையில் நம்பிக்கையின்மை, எதிரி எங்கே என்று தெரியாத திகில் ஆகியவை எந்த மனிதனையும் உடைக்கும் என்பது இன்று ஒவ்வொரு படையும் பாடமாகப் படிக்கிற உண்மை. டாங்காவில் உடைந்த அந்தத் தென்னாட்டுச் சிப்பாய்களின் முன்னால் ரிவர்ஸைப் போன்ற ஒருவர் உட்காரவே இல்லை. அவர்கள் என்ன கண்டார்கள், எதைக் கனவில் கண்டார்கள் என்பதற்கு நம்மிடம் ஒரு வரி இல்லை.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை கொஞ்சம் மாறியது. உடைந்தவனைத் தொலைதூர மருத்துவமனைக்கு அனுப்பினால் அவன் நோயாளியாகவே நிலைத்துவிடுகிறான். போர்முனைக்கு அருகிலேயே, உடனடியாக, நீ தேறிவிடுவாய் என்ற நம்பிக்கையோடு தூக்கமும் சூடான சாப்பாடும் கொடுத்தால் பலர் சில நாளில் தேறுகிறார்கள் என்பது முந்திய போரிலேயே பிரெஞ்சுக்காரர்களும் மையர்ஸும் அமெரிக்கர் தாமஸ் சால்மனும் கண்டிருந்த வழி. பர்மா போர்முனைக்கும் மனநல மருத்துவர்கள் அனுப்பப்பட்டார்கள். அரக்கான் பகுதியில் இந்தியச் சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த ஆர்தர் ஹயட் வில்லியம்ஸ், அவர்களைப் பற்றிய விரிவான ஆய்வை 1950இல் வெளியிட்டார். இந்தியச் சிப்பாயின் மனம் தனியாக ஆராயத்தக்கது என்று எண்ணியதே அன்று பெரிய விஷயம்.

இப்போது மண்டைக்குள் போவோம். அந்திநேரத்தில் வரப்பில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று நினைத்துத் துள்ளுகிறோம் அல்லவா? துள்ளிய பிறகுதான் அது கயிறு என்று தெரிகிறது. துள்ளவைப்பது மூளையின் அடிப்பகுதியில் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா. அரைகுறைத் தகவலிலேயே ஆபத்து மணியை அடித்துவிடும். இது கயிறுதான், அடங்கு என்று சொல்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி. இது எங்கே, எப்போது நடந்தது என்று நினைவுக்கு இடமும் நேரமும் குறித்துவைப்பது ஹிப்போகேம்பஸ். பெருந்திகிலில் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருள் வெள்ளமாய்ப் பாய, அமிக்டலா அந்தக் கணத்தைத் தழும்பாகப் பதித்துக்கொள்கிறது. ஆனால் இடமும் நேரமும் சரியாகக் குறிக்கப்படுவதில்லை. அதனால் அது நடந்து முடிந்த நினைவாக இல்லாமல், இப்போதே நடப்பதாக வருகிறது. டீசல் வாசனை, தீபாவளி வெடி, தலைக்கு மேல் போகும் ஹெலிகாப்டர், ஏதோ ஒன்று போதும். அடங்கு என்ற குரல் எழுவதற்குள் உடம்பு போர்க்களத்துக்குப் போய்விடுகிறது.

ஈழத்தில் இந்தக் காயத்துக்கு மனவடு என்று பெயர். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தன் மக்களிடம் அதை ஆண்டுக்கணக்கில் பார்த்து எழுதியவர். 1998இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் இத்துறையில் ஒரு மைல்கல். அவரிடம் வந்தவர்கள் மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. பெருமூச்சு, நெஞ்சடைப்பு, தலையிடி என்று உடம்பின் மொழியில் வந்தார்கள். அந்த மொழி தெரிந்த மருத்துவர் என்பதால் அவரால் உள்ளே போக முடிந்தது. மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், அவரவர் சமயத்துக்கேற்ற மந்திரமோ செபமாலையோ என்று மக்களுக்குப் பழகிய வழிகளையே சிகிச்சையில் சேர்த்தார். கேட்பவருக்கு மொழி தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டில் இந்த மனவடு தனிப் பெயரோடு ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் போராட்டம் அதற்கு ஒரு பெரிய காரணம். இன்று பயன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகள் பல. அவற்றில் முக்கியமான ஒன்றில், பயிற்சி பெற்றவரின் துணையோடு, பாதுகாப்பான அறையில், நடந்ததை நோயாளி மீண்டும் மீண்டும் படிப்படியாகச் சொல்கிறார். பழைய பதிவு அழிவதில்லை. இது நினைவுதான், இப்போது ஆபத்து இல்லை என்ற புதுப் பாடம் அதன் மேல் படிகிறது. நினைவுக்குக் கடைசியில் இடமும் நேரமும் கிடைக்கிறது. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உதவுகின்றன. நண்பரோடு கனவில் பேசிய அந்த அதிகாரிக்கு ரிவர்ஸ் செய்ததன் உறவுக்கார முறைதான் இது.

வில்லிங்டன் தீவிலும் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையத்திலும் தமிழ் இளைஞர்கள் இன்றும் பயிற்சி பெறுகிறார்கள். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு வீடு படைவீரரைத் தந்த ஊர்கள் நமக்கு உண்டு. அந்த ஊர்களில் பதக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிறோம். இரவில் எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பவரை, பட்டாளத்துக்காரர், கொஞ்சம் கோபக்காரர், குடிப்பார் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். மனைவியும் பிள்ளைகளும் அந்த ஒரு வரிக்குள் வாழ்நாளெல்லாம் வாழ்கிறார்கள். மனநல மருத்துவரைப் பார்த்தால் பதவி உயர்வு போய்விடும், ஊர் சிரிக்கும் என்ற பயம் டாங்காவில் கொடுத்த பட்டத்தின் மிச்சம்தான்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், மறந்துவிடுங்கள் என்று சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் இப்போதே சொல்லுங்கள் என்று நெருக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்கினால் குறுக்கிடாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416; கட்டணமில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதற்குத் தனிப் பிரிவே தொடங்கியிருக்கிறார்கள். அந்த எண்ணை இன்றே எழுதி, அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.